ஒரு மோட்டார், ஐந்து வேலை: கூட்டு மர இயந்திரத்தின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. மாலைக் காப்பியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

என்னோடு பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, மரவேலை பழகலாம் என்று இருக்கிறேன். அறுப்பது, இழைப்பது, துளை போடுவது எல்லாம் ஒன்றிலேயே இருக்கும் காம்பினேஷன் மிஷின் வாங்கலாமா, தனித்தனியாக வாங்கலாமா?" என் வீட்டின் பின்புறமும் 10 அடிக்கு 12 அடியில் ஒரு கொட்டகை இருக்கிறது. அதனால் இது என் கேள்வியும்தான்.

விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்த இயந்திரத்தின் வரலாற்றைப் பார்க்கலாம் என்பது என் கருத்து. ஒரு கருவியை யார், எந்த நெருக்கடியில் உருவாக்கினார்கள் என்று தெரிந்தால், அது நமக்குப் பொருந்துமா என்பது பாதி விளங்கிவிடும்.

நம் கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என்ற மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. சோபட்மா என்பது நம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பெரிய பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற கலங்கள் இந்தத் துறைகளில் இருந்ததாகவும் அந்த நூல் சொல்கிறது. நம் 'கட்டுமரம்' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும்.

அவ்வளவும் கையால் நடந்த வேலை. தச்சர் பெட்டியைத் திறந்தால் வாய்ச்சி, உளி, இழைப்புளி, ரம்பம், தமர் எல்லாம் இருக்கும். யோசித்துப் பாருங்கள். கருவிகள் பல, அவற்றை இயக்கும் சக்தி ஒன்றுதான். அது தச்சரின் தோள். ஒரு சக்தியைப் பல கருவிகள் மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்கின்றன. கூட்டு இயந்திரத்தின் அடிப்படையும் இதுவேதான்.

ஆனால் இயந்திர யுகம் தொடங்கியபோது வேறு பாதையில் தொடங்கியது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் 1800களின் தொடக்கத்தில் ஒரு பெரிய சிக்கல். பாய்மரக் கப்பல்களின் கயிறுகளை இழுக்க மரக் கப்பிகள் வேண்டும். கடற்படைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கப்பி தேவைப்பட்டது. அப்போது கடற்படைப் பணிகளுக்குத் தலைமை ஆய்வாளராக இருந்தவர் சாமுவேல் பெந்தம். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் தம்பி. மரவேலை இயந்திரங்களுக்கு 1790களிலேயே காப்புரிமை வாங்கியவர். அவருடைய ஆதரவில் மார்க் புருனல் வடிவமைத்தார், ஹென்றி மாட்ஸ்லி இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். மொத்தம் 45 இயந்திரங்கள். ஒன்று அறுக்கும், ஒன்று துளைக்கும், ஒன்று பள்ளம் வெட்டும். 110 கைதேர்ந்த தொழிலாளர்கள் செய்த வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் செய்தார்கள். 1808ல் 1,30,000 கப்பிகள்.

இதன் கொள்கை என்ன? ஒரு இயந்திரத்துக்கு ஒரே வேலை. கட்டைதான் இயந்திரத்துக்கு இயந்திரம் நகரும். ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்பவனுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நாற்காலி ஒன்று, அலமாரி ஒன்று, உடைந்த கதவு ஒன்று என்று செய்பவனுக்கு இது உதவாது. 45 இயந்திரங்களை அவன் எங்கே நிறுத்துவான்?

அந்தச் சின்னப் பட்டறைக்காரருக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஒரு இயந்திரம் வந்தது. 'ஜெனரல் ஜாயினர்' என்று பெயர். பொதுத் தச்சன் என்று சொல்லலாம். ஒரே இரும்புச் சட்டத்தில் அறுப்பது, இழைப்பது, கூர் வெட்டுவது, துளை போடுவது, காடி எடுப்பது எல்லாம். பண்ணைப் பட்டறைகளும் சிறிய கட்டடக்காரர்களும் வாங்கினார்கள். காரணம் எளிது. அப்போது சக்தி என்றால் நீராவி. நீராவி இயந்திரத்தை அறைக்கு ஒன்று வைக்க முடியாது. சுழலும் தண்டு ஒன்று, அதிலிருந்து பட்டை ஒன்று வரும். ஆகவே வேலைகள் அத்தனையும் அந்த ஒரு பட்டையைச் சுற்றிக் கூடி உட்கார்ந்தன.

அதே காலத்தில் அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் பார்ன்ஸ் சகோதரர்களின் நிறுவனம் காலால் மிதிக்கும் மரவேலை இயந்திரங்களைச் செய்தது. தையல் மிஷினை மிதிப்பது போல மிதிக்க வேண்டும். வட்ட ரம்பமும் வளைவு அறுக்கும் ரம்பமும் சேர்ந்த ஒரு மாதிரியும் அவர்களிடம் இருந்தது. நீராவிக்கு வசதி இல்லாதவர் தன் காலையே எஞ்சினாக்கிக்கொண்டார்.

தையல் மிஷின் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

1924ல் ஒரு இளைஞர் காந்தியடிகளிடம், "நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?" என்று கேட்டார். எதிர்ப்பு இயந்திரத்தின் மீது அல்ல, இயந்திரப் பித்தின் மீது என்ற கருத்தில் பதில் சொன்ன காந்தி, விலக்காகச் சிங்கர் தையல் மிஷினைக் காட்டினார். வீட்டில் ஒரு மனிதரின் உழைப்பைக் குறைக்கிற, அவரை வேலையிலிருந்து துரத்தாத இயந்திரம் என்பது அவர் பார்வை. கேள்வி கேட்ட அந்த இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். 1937ல் காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, ஜாகிர் உசேன் குழு சொன்ன அடிப்படைத் தொழில்களில் தச்சு வேலையும் இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் என் தலைமுறை படித்த 'கைத்தொழில்' பாடத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. வீட்டுக்கு எந்த அளவு இயந்திரம் பொருந்தும் என்ற கேள்வி நம் ஊருக்குப் புதிது அல்ல.

சக்தி வீட்டுக்குள் வந்தது மின்சாரத்தோடுதான். நம் மாநிலத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதிக்கு மின்சாரம் கிடைத்தது. 1937ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். மேலே ஓடும் தண்டும் பட்டைகளும் மெல்லப் போய், ஒரு இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற காலம் வந்தது.

அப்படியானால் கூட்டு இயந்திரத்துக்குத் தேவையே போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. நெருக்கடி மாறியது. முன்பு சக்திக்குப் பஞ்சம். பிறகு இடத்துக்குப் பஞ்சம்.

ஜெர்மனியிலிருந்து 1937ல் அமெரிக்கா போன ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர், போர் முடிந்தபின் கலிபோர்னியாவில் ஒரு இயந்திரத்தை வடிவமைத்தார். 1947ல் 'ஷாப்ஸ்மித்' என்ற பெயரில் மாண்ட்கோமரி வார்டு கடைகளில் அது விற்பனைக்கு வந்தது. இரண்டு நீண்ட இரும்புக் குழாய்கள், அவற்றின்மேல் நகரும் ஒரே மோட்டார்த் தலை. படுக்க வைத்தால் கடைசல் இயந்திரம். ரம்பத்தை மாட்டினால் அறுக்கும் மேசை. வட்டுத் தகடு மாட்டினால் தேய்க்கும். பக்கவாட்டில் துளைக்கும். அப்படியே தூக்கி நிமிர்த்தினால் செங்குத்தாகத் துளைக்கும். மொத்தம் ஐந்து வேலை. வேலை முடிந்ததும் காருக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒதுக்கிவிடலாம். போர் முடிந்து புது வீடு கட்டிக் குடியேறிய லட்சக்கணக்கான குடும்பங்களுக்காகச் செய்த இயந்திரம் இது.

ஐரோப்பாவில் வேறு மாதிரி வளர்ந்தது. இத்தாலியின் ரிமினி நகரில் எஸ்.சி.எம். நிறுவனம் 1952ல் ஒரு கூட்டு மர இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவில் ஃபெல்டர் நிறுவனம் 1956ல் தொடங்கியது. இவை கனமான இயந்திரங்கள். பொழுதுபோக்குக்காரருக்கு மட்டுமல்ல, ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் தச்சருக்கும் உரியவை. பெரிய மாதிரிகளில் அறுக்க, இழைக்க, விளிம்பு வடிவம் எடுக்க என்று தனித்தனி மோட்டார்களே உண்டு. மேசையையும் சட்டத்தையும்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

இப்போது நம் ஊர்ச் சந்தைக்கு வருவோம். பஞ்சாபிலும் குஜராத்திலும் வார்த்து வரும் இழைப்பு மிஷினைப் பல பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். மேலே இழைக்கும் மேசை. பக்கத்தில் வட்ட ரம்பம். தண்டின் முனையில் துளை போடும் பிட். மூன்றும் ஒரே தண்டில். 19ஆம் நூற்றாண்டின் பொதுத் தச்சனுக்குப் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் ஒரே தண்டு என்பதன் பொருளைக் கவனியுங்கள். நீங்கள் இழைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ரம்பமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

எங்கள் பகுதியில் நாற்பது வருடமாகத் தச்சு வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. இளவயதில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் போனது. அவர் சொன்னது இது:

"சார், அந்த மிஷினுக்கு ரெண்டு வாய். நீங்க ஒரு வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். 10 அங்குல ரம்பத்தின் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ரம்பப் பல் நிமிடத்துக்கு 2400 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 144 கிலோமீட்டர். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் பேருந்துகூட அந்த வேகத்தில் போகாது.

இந்த ஆபத்துக்கும் வரலாறு உண்டு. பழைய இழைப்பு இயந்திரங்களில் கத்தி பூட்டும் தண்டு சதுரமாக இருக்கும். கை தவறினால் தண்டுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடைவெளி விரல்களை உள்ளே இழுத்துவிடும். 1922ல் பிரிட்டனில் வந்த மரவேலை இயந்திர விதிகள், கையால் தள்ளி இழைக்கும் இயந்திரத்துக்கு உருண்டைத் தண்டு கட்டாயம் என்றன. வட்ட ரம்பத்துக்குப் பின்னால், அறுத்த வெட்டு மூடிக்கொண்டு கட்டை ஆளை நோக்கித் திருப்பி அடிக்காமல் தடுக்கும் தகடும் கட்டாயமானது. நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் மின்சக்தியில் ஓடும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. நம் கொட்டகையில் ஒரே ஆள். எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அங்கே முதலாளி, தொழிலாளி, ஆய்வாளர் மூவரும் நாமேதான்.

இனி மரக்காணத்துக்கே உரிய விஷயம் ஒன்று. உப்பு.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதைவிட மிகக் குறைந்த ஈரமே போதும். அளத்திலிருந்து வரும் காற்றில் இருக்கும் உப்பு இயந்திரத்தின் மேசையில் படியும், இரவில் ஈரத்தை இழுக்கும், காலையில் துரு. வார்ப்பிரும்பு மேசை ரிமினியில் எப்படியோ, இங்கே வாராவாரம் துடைத்து மெழுகு பூசாவிட்டால் செம்மண் நிறம்தான். உப்பளத்தில் உப்பு வாரும் பலகை இன்றும் மரத்தில் இருப்பது சும்மா இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக நகரும் பாகங்கள் கூட்டு இயந்திரத்தில் அதிகம். நகரும் இடமெல்லாம் துரு பிடிக்கும் இடம். பல பேருக்கு இது விலைப் பட்டியலில் தெரியாது, இரண்டாவது மழைக்காலத்தில் தெரியும்.

அப்படியும் இங்கே மரவேலை பழக ஆசை வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 நவம்பர் 25ஆம் தேதி இரவு நிவர் புயல் நம் மரக்காணத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. ஒவ்வொரு புயலிலும் வேம்பும் பூவரசும் சாய்கின்றன. அவை பெரும்பாலும் விறகாகப் போகின்றன. பூவரசு நல்ல மேசை மரம். வேம்பு பூச்சியைத் தாங்கும். சாய்ந்த மரத்தை மில்லில் பலகையாக அறுத்து, நிழலில் காய வைத்துவிட்டால் அடுத்த வேலை இழைப்பதுதான். கோணலாக வளைந்த ஆறடிப் பலகையைக் கையால் சமப்படுத்த ஒரு முற்பகல் போய்விடும். அறுபதைத் தாண்டிய தோளுக்கு அது பெரிய வேலை. நமக்கு இயந்திரம் மிகவும் தேவைப்படும் இடம் எது என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

இப்போது தேர்வு செய்வோம்.

கூட்டு இயந்திரம் இடத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கு விலையாக நேரத்தையும் கவனத்தையும் கேட்கிறது. ஒரு முக்காலியைவிடச் சற்றுப் பெரிதாக, நான்கு கால் மேசை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் முகம் இழைப்பது, கனம் எடுப்பது, அறுப்பது, துளைப்பது என நான்கு வேலை. ஒவ்வொரு காலாக முடித்தால் 16 வேலை, நடுவே 15 முறை இயந்திரத்தை மாற்ற வேண்டும். நான்கு காலையும் சேர்த்து முதலில் இழைத்து, பிறகு கனம் எடுத்து, பிறகு அறுத்து, பிறகு துளைத்தால் 3 மாற்றம் போதும். ஷாப்ஸ்மித் வைத்திருப்பவர்கள் பழகுகிற முதல் பாடம் இதுதான். வரிசை போட்டு வேலை செய்யும் குணம் இருந்தால் கூட்டு இயந்திரம் பொருந்தும். ஒவ்வொரு மாற்றத்திலும் கழற்றிய தடுப்பைத் திரும்ப மாட்டினோமா, வேகத்தைக் குறைத்தோமா என்று பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற நமக்கு நேரம் இருக்கிறது. பன்னிரண்டாவது மாற்றத்திலும் அதே கவனம் இருக்குமா என்பதை அவரவர் மனதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் முடிவு இது. எல்லாச் சேர்க்கையும் ஒன்றல்ல. முகம் இழைப்பதும் கனம் எடுப்பதும் இயல்பாகவே ஒரே குடும்பம். ஒரே கத்தித் தண்டு. மேலே தள்ளினால் முகம் சமமாகும், மேசையைத் தூக்கிவிட்டுக் கீழே செலுத்தினால் கனம் சமமாகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. கத்தி ஓடும் இடமும் ஒன்றுதான். இந்த இரண்டும் சேர்ந்ததை வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். ரம்பம் தனியாக, தனி மோட்டாரோடு, தனிச் சுவிட்சோடு இருக்கட்டும். துளைக்குக் கை ட்ரில் போதும். கூரை உளியாலும் கைரம்பத்தாலும் வெட்டுவேன். கைவேலையின் சுகம் முழுவதையும் மோட்டாருக்குக் கொடுத்துவிட மனம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் பார்க்க வேண்டியவை:

1. ஒரு கத்தி ஓடும்போது இன்னொன்றும் ஓடுகிறதா? ஓடினால், இரண்டாவதை முழுதாக மூடவோ கழற்றவோ வழி இருக்கிறதா?

2. கத்தித் தண்டு உருண்டையாக இருக்கிறதா? ரம்பத்துக்குப் பின்னால் அந்தத் தடுப்புத் தகடு இருக்கிறதா? "அதெல்லாம் கழற்றிப் போட்டுவிடலாம்" என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

3. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எத்தனை நிமிடம்? விற்பவர் செய்து காட்டட்டும். பிறகு நீங்களே செய்து பாருங்கள்.

4. வீட்டு மின்சாரம் தாங்குமா? 3 குதிரைசக்தி மோட்டார் ஒற்றை ஃபேஸில் 15 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் பல மடங்கு. தனி ஒயர், சரியான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் மூன்றும் வேண்டும். உப்புக் காற்றில் இதில் விளையாட்டு கூடாது.

5. மரத்தூளை உறிஞ்சும் குழாய் மாட்ட இடம் இருக்கிறதா? கடின மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

போர்ட்ஸ்மத்துக்காரருக்கு லட்சம் கப்பி வேண்டியிருந்தது. பண்ணைப் பட்டறைக்கு நீராவிப் பட்டை ஒன்றுதான் இருந்தது. கலிபோர்னியாக்காரருக்குக் கார் நிறுத்தும் இடம்தான் பட்டறை. அவரவர் தங்கள் குறையைச் சரியாகப் பார்த்து இயந்திரத்தைச் செய்தார்கள். நாமும் வாங்கும்முன் நம் குறையை எழுதிப் பார்க்கலாம். ஒரு மாதம் ஒரு நோட்டில், எந்த வேலையைக் கையால் செய்யத் திணறினோம் என்று தேதி போட்டு எழுதுங்கள். எந்த வரி அதிகம் வருகிறதோ அந்த வேலைக்கு முதலில் பணத்தைப் போடுங்கள்.

கூட்டு இயந்திரம் வைத்து வேலை செய்கிற நண்பர்கள், குறிப்பாகக் கடலோரத்தில் இருப்பவர்கள், துருவை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால் எனக்கும் இன்னும் பலருக்கும் உதவும்.